நால்வரும் ஒரு பாறையும்

அப்பா தில்லிக்கு வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. மலை மந்திருக்கு இரண்டு தடவை போய்வந்தாயிற்று. குதுப் மினாரை அண்ணாந்து பார்த்தாயிற்று. செங்கோட்டையில் கூட்டத்தோடு நடந்து கால் வீங்கியதுதான் மிச்சம். இந்தி தெரியாததால் பால் வாங்கப் போனாலும் விரலைக் காட்டித்தான் வாங்கி வருகிறார். வெயிலிலேயே நின்று பழகிய எழுபத்தொரு வயது மனிதரை ஆர்.கே.புரத்தின் இரண்டாம் மாடி வீட்டில் எத்தனை நாள் உட்கார வைக்க முடியும்? அன்று காலை காபியைக் குடித்து முடித்ததும், "பாப்பா, சனிக்கிழமை ஊருக்கு டிக்கெட் இருக்கிறதா பார்" என்றார்.

நான் டிக்கெட் பார்க்கவில்லை. "நாளைக்கு ஓவியங்கள் வைத்திருக்கிற ஓர் இடத்துக்குப் போகலாம்" என்றேன். தேசிய நவீனக் கலைக்கூடத்தைத்தான் மனத்தில் வைத்திருந்தேன்.

"ஓவியத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?"

"கட்டடத்தைப் பாருங்கள். 1936-இல் கட்டியது. ஜெய்ப்பூர் மகாராஜாவின் மாளிகை."

"கல்லா, செங்கல்லா?"

"வந்து நீங்களே சொல்லுங்கள்."

அப்பா கொத்தனார். எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் திருவக்கரைப் பக்கம். தோண்டினால் கல், திரும்பிய பக்கமெல்லாம் குவாரி. பதினாறு வயதில் குவாரியில் சம்மட்டி பிடித்தவர், கல்யாணத்துக்குப் பிறகு கரண்டிக்கு மாறினார். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மற்றவர்கள் சோபாவைப் பார்ப்பார்கள், டிவியைப் பார்ப்பார்கள். அப்பா மூலையைப் பார்ப்பார். சுவரும் சுவரும் சேர்கிற கோடு நேராக இறங்குகிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடி ஒரு பார்வை. அதற்குப் பிறகுதான் உட்காருவார். என் தில்லி வீட்டில் அவர் முதல் நாள் அப்படிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார். மூலை சரியில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மாமாவையும் வரச் சொன்னோம். மாமா என்றால் இரத்த உறவு இல்லை. அப்பாவோடு ஒரே குவாரியில் வேலை செய்தவர், ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுப் பழகியதால் எனக்கு மாமா. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகத் தில்லி முழுக்கக் கட்டட வேலை நடந்த சமயத்தில் ஒரு மேஸ்திரி கூட்டிவந்த ஆட்களில் அவரும் ஒருவர். ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கத்துக்குக் கலவை சுமந்தார். வேலை முடிந்ததும் ஊர் திரும்பவில்லை. ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலை ஒட்டியிருந்த மதராசி கேம்ப்பில் ஒரு வீடு போட்டுக்கொண்டார். மாரியம்மன் கூழும் தமிழ் மாத நாள்காட்டியும் இருந்த இடம் அது. தில்லிக்கு நான் வேலைக்கு வந்த புதிதில் தீபாவளிக்கு அங்கேதான் போனேன்.

அந்தக் குடியிருப்பு இப்போது இல்லை. வடிகாலைச் சீரமைக்க வேண்டும் என்ற நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. ஏறக்குறைய 370 வீடுகள். தகுதி உண்டு என்று பட்டியலில் வந்தவர்களுக்கு நரேலாவில் அடுக்குமாடியில் வீடு, மற்றவர்களுக்கு இல்லை. மாமாவுக்குக் கிடைத்தது. நரேலா தில்லியின் வடக்குக் கோடி. அங்கிருந்து பஸ் பிடித்து சமய்பூர் பாத்லி வந்து, மஞ்சள் தட மெட்ரோவில் மத்திய செயலகம் இறங்கி, எங்களைப் பார்க்க மாமாவுக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. ஜங்புராவில் இருந்திருந்தால் அரை மணி. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கையில் ஒரு துணிப்பையில் முறுக்கு கொண்டுவந்திருந்தார், அப்பாவுக்காக, மிளகு அதிகம் போட்டு.

பிப்ரவரிக் கடைசி. வழியில் இலவ மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூத்திருந்தன. ஆட்டோ இந்தியா கேட்டைச் சுற்றும் ஆறுபக்கச் சாலையில் திரும்பியதும் மாமா கையை நீட்டினார். "இந்தக் கேட்டா? இதை பஸ்ஸிலிருந்து ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஏதோ ஆபீஸ் என்று நினைத்தேன்."

இருபது ரூபாய் டிக்கெட். உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது புல்வெளியில் இருந்த வெண்கலச் சிலை. மாமா சட்டென்று நின்றுவிட்டார்.

"இது மெட்ராஸ் பீச்சில் இருக்கிறதே!"

உழைப்பாளர் சிலை. ஆமாம், அதேதான். கோவணம் கட்டிய நான்கு பேர் ஒரு பெரும்பாறையை நெம்பி நகர்த்துகிற சிலை. சென்னைக்காரர்களுக்கு அது ஒரு பஸ் நிறுத்தத்தின் பெயர். நினைவு தெரிந்த நாளிலிருந்து கடற்கரைச் சாலையில் பார்த்த ஒன்றை, இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, ஒரு ராஜாவின் மாளிகை வாசலில் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அப்போது அதன் முன் அதிக நேரம் நிற்கவில்லை. அப்பா ஏற்கெனவே கட்டடத்தை நோக்கி நடந்துவிட்டார். சிலைக்குத் திரும்பி வருகிறேன். நாங்களும் கடைசியில்தான் திரும்பி வந்தோம்.

ஜெய்ப்பூர் ஹவுஸின் தரைப்படம் ஒரு வண்ணத்துப்பூச்சி. நடுவே குவிமாடம், அதிலிருந்து இரண்டு பக்கமும் விரிந்த சிறகுகள். வடிவமைத்தவர் பிளோம்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயர். ஏன் வண்ணத்துப்பூச்சி என்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை. கட்டடக் கலைஞர் லுட்யன்ஸ் புது தில்லிக்குப் போட்ட நகரப் படத்தில் இந்தியா கேட்டைச் சுற்றியுள்ள இடம் அறுகோணம். சமஸ்தான மன்னர்களுக்கு அதன் ஓரங்களில் மனைகள் ஒதுக்கினார்கள். சாலைகள் விசிறிபோலப் பிரிகிற இடத்தில் மூலைமட்டம் வைத்த சதுர வீடு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற மாதிரி ஆகிவிடும். லுட்யன்ஸே வரைந்த ஹைதராபாத் ஹவுஸும் இப்படிச் சிறகு விரித்ததுதான். இதையெல்லாம் நான் அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் காதில் வாங்கினாரா தெரியாது. சிறகு திரும்புகிற மூலையில் நின்று ஒற்றைக் கண்ணை மூடியிருந்தார்.

"நேர்மூலை கட்டுவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. மூலைமட்டம் சொல்கிறபடி போய்விடலாம். இது சாய்மூலை. இங்கே வைக்கிற ஒவ்வொரு கல்லையும் அந்தச் சாய்வுக்கென்றே வெட்ட வேண்டும். ஒரு வரிசையில் நூலளவு பிசகினால் மேலே போகப் போக விரல் அளவு ஆகிவிடும். இவன் கீழேயிருந்து மேல்வரை ஒரே கோட்டில் கொண்டுபோயிருக்கிறான்."

இவன் என்று அவர் சொன்னது பிளோம்ஃபீல்டை அல்ல. 1936-இல் அந்த மூலையில் சாரத்தின்மேல் நின்ற யாரோ ஒருவனை. அவனைப் பற்றி எந்தப் பலகையிலும் இல்லை. ஆனால் அப்பா அவனைக் கண்டுபிடித்துவிட்டார். அவனுடைய கை எங்கே நிதானமாக இருந்தது, எங்கே அவசரப்பட்டது என்று படித்துக்கொண்டே சுவரோரமாக நடந்தார். சுவரின் கீழ்ப்பகுதியில் செம்மணற்கல் பட்டை, அதற்கு மேல் வெளிர்நிறம், ஜன்னல்களுக்கு மேலே நீண்டு போகும் சன்ஷேடு. "வடக்கே வெயில் சாய்ந்து அடிக்கும்போல இருக்கிறது. நிழல் விழட்டும் என்று நீட்டியிருக்கிறார்கள்" என்றார். ஒரு மகாராஜாவின் வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தவையெல்லாம் யார், எப்போது, எதற்கு என்பவைதான். வீடு எப்படி நிற்கிறது என்று நான் அதுவரை யோசித்ததே கிடையாது. இந்தக் கலைக்கூடத்துக்கு நான் ஏழெட்டு முறை வந்திருக்கிறேன்.

பிறகு அவர் செய்த காரியத்தை நான் தடுத்திருக்க வேண்டும். விரல் முட்டியால் பூச்சைத் தட்டினார். டொக், டொக். இரண்டு அடி தள்ளி மறுபடி டொக், டொக். பூச்சு சுவரைப் பிடித்திருக்கிறதா, உள்ளே விட்டுப்போயிருக்கிறதா என்று கொத்தனார்கள் கேட்டுப் பார்க்கிற விதம் அது. காவலாளி வேகமாக வந்தார். மாமாதான் இந்தியில் பேசினார். நாற்பது வருட இந்தி, கட்டடத் தளங்களில் கற்ற இந்தி. தன் நண்பர் பெரிய மிஸ்திரி, மதராஸிலிருந்து வந்திருக்கிறார், பழக்க தோஷம், இனிமேல் தொடமாட்டார் என்றார். காவலாளியின் முகம் இளகிவிட்டது. அவருடைய அண்ணனும் மிஸ்திரிதானாம், சூரத்தில் வேலையாம். போகும்போது, "சரி, சுவர் என்ன சொல்லிற்று?" என்று கேட்டார். மாமா மொழிபெயர்த்தார். அப்பா, "நன்றாகப் பிடித்திருக்கிறது என்று சொல்" என்றார்.

உள்ளே போனோம். 1954 மார்ச் 29 அன்று அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த கலைக்கூடம் இது. இன்று 17,000-க்கும் மேற்பட்ட படைப்புகள் இதன் சேகரத்தில் இருக்கின்றன. 2009-இல் பின்பக்கம் கட்டிய புதிய பிரிவு, பழைய மாளிகையைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு இடம் கொடுத்தது. ஓவியம் பார்க்க அதுதான் வசதி என்பேன். வெளிச்சம் சீராக இருக்கிறது, பின்னால் நகர்ந்து பார்க்க இடம் இருக்கிறது. மாளிகையின் அறைகள் வாழ்வதற்காகக் கட்டியவை. அங்கே படத்தைவிடக் கதவு பெரிதாகத் தெரியும். அப்பாவுக்குப் புதிய பிரிவில் ஆர்வம் இல்லை. "சுவர் சுத்தமாக இருக்கிறது" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் ஒரு தஞ்சாவூர் ஓவியத்தின் முன் நின்றுவிட்டார். வெண்ணெய் உண்ணும் கிருஷ்ணர், சுற்றிலும் பொன். கண்ணாடிக்குள் இருந்ததால் தொட முடியவில்லை. பக்கவாட்டில் போய், கன்னத்தைச் சுவரோடு ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்தார். நேராகப் பார்த்தால் தெரியாத மேடு பள்ளம் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும். தூணும் நகையும் திரைச்சீலையும் பலகையிலிருந்து எழும்பி நிற்கின்றன. சுக்கான் பொடியைப் பசையோடு குழைத்து மேடு கட்டி, அதன்மேல் பொன் தகட்டை ஒட்டுகிற வேலை என்று சொன்னேன். "அப்படியானால் இது பூச்சு வேலை" என்றார் அப்பா. குரலில் ஒரு சொந்தம் வந்துவிட்டது. "சுவரில் செய்தால் கொத்தனார், பலகையில் செய்தால் ஓவியன்." மாமா பொன்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பவுன் இருக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அமிர்தா ஷேர்-கில்லின் கூடத்துக்கு நான் பேராசையோடுதான் அவர்களைக் கூட்டிப்போனேன். எனக்கு மிகவும் பிடித்தவர். அம்மா ஹங்கேரி, அப்பா சீக்கியர், 1913-இல் புடாபெஸ்டில் பிறந்து பாரிஸில் ஓவியம் படித்தவர், 28 வயதில் லாகூரில் இறந்துபோனார். அவர் மறைந்தபின் குடும்பம் கொடுத்தவையும் அரசு வாங்கியவையுமாகச் சேர்ந்த படங்கள்தான் இந்தக் கலைக்கூடத்தின் உயிர்நாடி என்பேன். 1936 கடைசியில் தெற்கே கிளம்பி அஜந்தா, எல்லோரா பார்த்து, கன்னியாகுமரி வரை வந்தார். அந்தப் பயணத்துக்குப் பிறகு 1937-இல் வரைந்தது 'பிரம்மச்சாரிகள்'. வெற்று மார்பும் பூணூலும் வெள்ளை வேட்டியுமாக ஐந்து இளைஞர்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்றும் தெரியவில்லை.

இந்தப் படத்தை நான் எப்போதும் முகங்களுக்காகப் பார்த்திருக்கிறேன். பழுப்பில் இத்தனை படி உண்டா என்று வியந்திருக்கிறேன். அப்பா வேட்டியைப் பார்த்தார். கிட்டப் போய், விலகி வந்து, மறுபடியும் கிட்டப் போய்.

"வெள்ளையில் என்னவோ கலந்திருக்கிறாள்."

"என்ன?"

"சுண்ணாம்பு அடிக்கும்போது நாம் நீலம் கொஞ்சம் கலப்போம் இல்லையா? வெறும் சுண்ணாம்பு அடித்தால் சுவர் மஞ்சளடித்துத் தெரியும். நீலம் விழுந்தால்தான் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். இந்தப் பெண்ணும் அப்படித்தான். பார், இவன் வேட்டியில் ஒரு வெள்ளை, அவன் வேட்டியில் வேறு வெள்ளை. மடிப்புக்குள் போனால் சாம்பல். ஐந்து வேட்டியில் ஒன்றுகூட வெறும் வெள்ளை இல்லை."

பொங்கலுக்கு முன் எங்கள் வீட்டில் சுண்ணாம்பு ஊறுகிற மண்சட்டி நினைவுக்கு வந்தது. கொதிக்கிற சுண்ணாம்பில் அப்பா நீலப் பொடியை நகத்தால் கிள்ளிப் போட்டுக் குச்சியால் கலக்குவார். நீலம் சுழித்துச் சுழித்து மறைந்துபோகும். எங்கே போயிற்று என்று நான் சட்டிக்குள் எட்டிப் பார்ப்பேன். ஐந்து வயதில் தேடிய அந்த நீலம் இங்கே, ஷேர்-கில்லின் வேட்டி மடிப்பில் இருந்தது. முகங்களை விட்டுவிட்டு வெள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அதுவரை பார்த்த படம் அது இல்லை. அந்த இளைஞர்களின் அமைதி முகத்தில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அது வேட்டியில் இருக்கிறது. அந்தக் குளிர்ந்த வெள்ளை இல்லாவிட்டால் அத்தனை பழுப்பும் ஒன்றோடொன்று மோதியிருக்கும்.

மாமா அதற்குள் அடுத்த பக்கம் போயிருந்தார். தேடிப் போனால், கே.சி.எஸ். பணிக்கரின் படம் ஒன்றின் முன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைச் சேர்ந்தது. ஜாதகக் கட்டம்போன்ற சதுரங்கள், கோடுகள், நடுநடுவே மீன்போல, பறவைபோல ஏதோ, படம் முழுக்கப் பொடிப்பொடியாக எழுத்து. மலையாளம்போலத் தெரியும், கிட்டப் போனால் மலையாளமும் இல்லை. பணிக்கர் கோயம்புத்தூரில் பிறந்தவர், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கியவர்.

மாமாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தில்லிக்கு வந்து பஸ் நம்பரை அடையாளம் வைத்துப் பழகியவர். எல்லாப் படத்துக்கும் பக்கத்திலுள்ள பலகையை நான்தான் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். "இதில் நிறைய எழுதியிருக்கிறது. என்ன என்று படி" என்றார்.

"படிக்க முடியாது மாமா. இது எழுத்து மாதிரி, எழுத்து இல்லை."

"உனக்குமா?"

"யாருக்குமே."

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். கை கட்டியிருந்ததைப் பிரித்துவிட்டு, ஒரு மூலையிலிருந்து தொடங்கி, வரிவரியாக, பத்திரிகை படிக்கிறவர்போல நிதானமாகப் பார்த்துக்கொண்டு போனார். அவசரமே இல்லை. அன்று அந்தக் கலைக்கூடத்தில் அவர் அதிக நேரம் நின்றது அங்கேதான். முடித்துவிட்டு, "நன்றாக எழுதியிருக்கிறார்" என்றார்.

இனி சிலை.

வெளியே வந்தபோது மணி மூன்றரை. வெயில் சாய்ந்திருந்தது. புல்வெளி ஓரத்தில் உட்கார்ந்து, மாமா கொடுத்த முறுக்குப் பையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, நான் இந்தச் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியைப் பற்றிச் சொன்னேன். அவர் வங்காளி, 1899-இல் பிறந்தவர். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் கற்றவர். 1929-இல் சென்னை ஓவியக் கல்லூரிக்கு வந்து ஏறக்குறைய முப்பது வருடம் அங்கேயே இருந்துவிட்டார். பணிக்கர் அவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். தில்லியில் இந்தக் கலைக்கூடத்தின் திறப்பையொட்டி நடந்த சிற்பக் கண்காட்சியில் ராய் சௌத்ரியும் பங்கேற்றார். மெரினாவில் உழைப்பாளர் சிலையை 1959 ஜனவரியில் நிறுவினார்கள். 1923-இல் சிங்காரவேலர் இந்த நாட்டின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தியது அந்தக் கடற்கரையில்தான். மெரினாவின் நடக்கும் காந்தியும் ராய் சௌத்ரி செய்ததே. தில்லியில் சர்தார் படேல் சாலையில் தண்டிக்குப் போகிற காந்தியும் பின்னால் பத்துப் பேருமாக ஒரு வரிசை நிற்கிறதே, அதுவும்.

"பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டில் இருந்ததே, அந்த வரிசையா?" என்றார் மாமா.

அதேதான். 2016-இல் செல்லாமல்போன நோட்டு. நாடு முழுக்க மனிதர்கள் மடித்து வைத்திருந்த ஒரு சிற்பம்.

உழைப்பாளர் சிலைக்கு அந்தக் கல்லூரியின் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் மாதிரியாக நின்றார்கள் என்று சொல்வார்கள். அந்த இருவரின் உடம்பிலிருந்துதான் இந்த நான்கு பேரும் பிறந்தார்கள். எழும்பூர்ப் பக்கத்து உடம்பு. அதைச் சொன்னபோது அப்பா எழுந்து சிலைக்கு அருகில் போனார். மெரினாவில் சாலையும் போக்குவரத்துமாக இருக்கும், எட்டி நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். இங்கே சுற்றிச் சுற்றி வர முடிகிறது. என் மனத்தில் மெரினாவின் இடம் மெரினாவுக்குத்தான். ஆனால் இந்த நான்கு பேரின் முதுகைப் பார்க்க வேண்டுமென்றால் தில்லிக்குத்தான் வர வேண்டும் என்று அன்று தோன்றியது.

"உள்ளே நிரப்பியிருக்கிறதா, கூடா?" அப்பாவின் முதல் கேள்வி.

சுவாமிமலையில் வார்க்கிற சாமி சிலைகள் உள்ளே கெட்டியாக இருப்பவை. இத்தனை பெரிய வெண்கலத்தை அப்படி வார்க்க முடியாது. களிமண்ணில் செய்து, அதிலிருந்து அச்சு எடுத்து, ஓடுபோல வார்ப்பார்கள். உள்ளே வெற்றிடம்.

"பாறையும்?"

"பாறையும்தான்."

அப்பா சிரித்துவிட்டார். மகிழ்ச்சிச் சிரிப்பு. "மச்சான், கேட்டாயா? பாறை வெறும் கூடாம்!" என்றார். "கூட்டை வைத்துக்கொண்டு இத்தனை பாரம் காட்டியிருக்கிறான்!" பாறையை அவர் பிறகு பார்க்கவே இல்லை. உடம்புகளை மட்டும் பார்த்தார். பாரம் அங்கேதான் இருந்தது. விலாவில், தொடையில், மண்ணைப் பற்றுகிற கால்விரலில். குவாரியில் கல் புரட்டும்போது முதலில் சோர்வது கை இல்லை, கெண்டைக்கால் என்றார். தன்னுடைய வேட்டியைச் சற்றே உயர்த்தி வலது கெண்டைக்காலைக் காட்டினார். உள்ளே நரம்பு முடிச்சு முடிச்சாக இருந்தது. நான் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறேன். வெண்கலத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அன்றுதான்.

பிறகு இருவருக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது. குரல் கொடுப்பவன் யார் என்பதில்.

கல் நகர்த்துகிற கூட்டத்தில் ஒருவன் குரல் கொடுப்பான். ஏலேலோ என்று அவன் இழுக்க, ஐலசா என்று மற்றவர்கள் முடிக்கிற இடத்தில் எல்லோருடைய மூச்சும் ஒன்றாக வெளியே வரும், அந்த ஒரு நொடியில்தான் கல் அசையும். ஆள் ஆளுக்குத் தனித்தனியாகத் தள்ளினால் பத்துப் பேர் சேர்ந்தாலும் அசையாது. குரல் கொடுப்பவனுக்குக் கூலியில் நாலணா கூடுதல் என்று ஒரு காலத்தில் வழக்கம் இருந்ததாம். இதை நான் அவர்கள் பேச்சிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். அப்பா அந்தக் காலத்தில் ஒரு குரல்காரர் என்பதையும்.

"முன்னால் இருப்பவன்தான்" என்றார் அப்பா. "கல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவனுக்குத்தான் தெரியும்."

"அவனுக்குக் கல் தெரியும், ஆள் தெரியாது" என்றார் மாமா. "பின்னால் இருப்பவன் தயாராகிவிட்டானா என்று முன்னால் இருப்பவன் எப்படிப் பார்ப்பான்? குரல் பின்னாலிருந்துதான் வரும்."

"நான் குரல் கொடுத்தபோது எங்கே நின்றேன்?"

"நீ முன்னால் நின்றாய். அதனால்தான் அன்றைக்கு அவன் விரல் போயிற்று."

யாருடைய விரல் என்று நான் கேட்கவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் சிலையைச் சுற்றினார்கள், ஒருவர் இடமாக, ஒருவர் வலமாக. பாறைக்குப் பின்னால் சந்தித்தபோது அப்பா மாமாவின் தோளில் கை போட்டார். அவர்கள் நின்றிருந்த இடத்தில் வெயில் நேராக விழுந்தது. எதிர்ப்புறம் வண்ணத்துப்பூச்சியின் ஒரு சிறகு நிழலுக்குள் போய்விட்டது. காவலாளி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் எதையும் தட்டவில்லை.

மாமாவை மெட்ரோவில் ஏற்றிவிட்டபோது ஐந்தரை. வீட்டுக்கு வந்ததும் அப்பா டிக்கெட்டைப் பற்றிப் பேசவில்லை. பையைப் பிரித்து முறுக்கைக் கடித்து, மிளகு சரியாக இருக்கிறது என்றார். நான் சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒன்பதேகாலுக்கு என் தொலைபேசி அடித்தது. நரேலாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று சொல்லத்தான் மாமா கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"பாப்பா, அப்பாவிடம் கொடு" என்றார். "இல்லை, நீயே சொல்லிவிடு. பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்துப் பார்த்தேன். பின்னால் நிற்பவன்தான்."